கையில் எடுத்துப் பார்க்க முடியாத காசு

பழைய நாணய வியாபாரி என்று சொன்னால் உடனே "கடை எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். எங்களில் பலருக்குக் கடை கிடையாது. ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளைக்கு அங்கே ஒரு டேபிளை வாடகைக்கு எடுப்போம். அதுதான் கடை. சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு, எப்போதாவது மும்பை, கொல்கத்தா என்று ஆல்பங்களையும் தராசையும் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிற பிழைப்பு.

2020 மார்ச் 24 இரவு அறிவித்த ஊரடங்கில் இந்த அலைச்சல் மொத்தமும் நின்றது. முதலில் 21 நாள் என்றார்கள். அடுத்து வரவேண்டிய கண்காட்சிக்குக் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, கேட்டால் கண்காட்சி நடத்தும் சங்கத்தார் வருத்தப்படுவார்களா என்றுதான் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஓடியது. ஜூன் வந்ததும் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. எங்களுக்கு மட்டும் வந்த கதை இல்லை இது. அமெரிக்க நாணயவியல் சங்கம் அந்த ஆகஸ்டில் பிட்ஸ்பர்கில் நடத்த இருந்த பெரிய கண்காட்சியை ரத்து செய்தது. 2021 தொடக்கத்தில் பெர்லினில் நடக்கவேண்டிய உலக நாணயக் கண்காட்சியும் நடக்கவில்லை. அவர்களே கதவைச் சாத்தும்போது, டேபிள் வாடகையை வைத்து மண்டப வாடகையைச் சரிக்கட்டும் உள்ளூர்ச் சங்கங்கள் என்ன செய்துவிட முடியும்?

தொழில் அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. முடியவில்லை. அதில் ஒரு பாதி முன்னைவிடக் கொழுத்தது. மார்ச்சில் வெள்ளி கிலோ 40,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. ஆகஸ்டில் 70,000 ரூபாயைத் தாண்டியது. தங்கமும் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டி நின்றது. 1940க்கு முன் அடித்த பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் வெள்ளிக் காசு 11.66 கிராம் எடை, அதில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. மார்ச்சில் அதை உருக்கினால் 400 ரூபாய்கூடத் தேறாது. ஆகஸ்டில் 750 ரூபாய் வரை தேறும். அதனால் தேய்ந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை வைத்திருந்தவர்களும் போன் எடுத்து விலை கேட்டார்கள். வேலை போய், வேறு வழியில்லாமல் விற்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களிடம் பேரம் பேச வாய் வரவில்லை.

கையில் பணமும் நேரமும் இருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி ஏலத்தில் குதித்தார்கள். பெரிய ஏலக் கம்பெனிகள் ஏற்கனவே இணையத்துக்கு வந்திருந்தன. இப்போது வாட்ஸ்அப் குரூப்களிலும் தினம் ராத்திரி ஏலம். ஒன்பது மணிக்குத் தொடங்கும், பத்தரைக்கு முடியும். கடைசி நிமிடத்தில் நாலு பேர் போட்டி போட்டு ஏற்றுவார்கள். கண்காட்சியில் 800 ரூபாய்க்குக் கேட்பாரில்லாமல் கிடந்த, அரிய மிண்ட் மார்க் (எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி) உள்ள காசு 1,500 ரூபாய்க்குப் போனதை நானே பார்த்தேன். நல்ல சரக்கு வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு வருடத்தில் நன்றாகவே சம்பாதித்தார்கள். இதை மறைத்துவிட்டு "எல்லாம் போச்சு" என்று எழுதினால் பொய்.

மற்ற பாதிதான் போனது. கண்காட்சியில் என் டேபிளுக்கு முன்னால் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். கிலோ கணக்கில் வாங்கிய காசுகள் அதில் கொட்டிக் கிடக்கும். எது எடுத்தாலும் பத்து ரூபாய். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, அலுமினியப் பைசாக்கள், பூவிதழ் மாதிரி விளிம்பு நெளிந்த பத்துப் பைசா, வெளிநாட்டுச் சில்லறை எல்லாம் இருக்கும். பள்ளிக்கூடப் பையன்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் கிளறுவார்கள். வருடத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று அவர்கள் கற்றுக்கொள்வது இந்தத் தொட்டியில்தான். என்னிடம் இன்று சோழர் காசு வாங்குகிறவர்களில் பலர் முதலில் இப்படித் தரையில் உட்கார்ந்தவர்கள்.

இந்தத் தொட்டியை இணையத்தில் வைக்க வழியில்லை. பத்து ரூபாய்க் காசை ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் தபால் செலவே காசைப் போல நாலு மடங்கு. படம் எடுத்து, விவரம் எழுதி, கவர் ஒட்டி, போஸ்ட் ஆபீஸ் வரிசையில் முகக்கவசத்தோடு நிற்கும் கூலி வேறு. அதனால் எல்லோரும் 500 ரூபாய்க்குக் குறைந்த சரக்கை ஏலத்தில் போடுவதை நிறுத்தினோம். நானும்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கணக்கு அப்படி. ஆனால் அதன் விளைவாக, இரண்டு வருடம் இந்தப் பொழுதுபோக்குக்குள் புதிதாக ஒரு சிறுவன் காலடி வைக்க வழி இல்லாமல் போனது. வந்தவர்கள் எல்லாம் 500 ரூபாய் கையில் வைத்திருந்த பெரியவர்கள்.

அடுத்து, பார்ப்பது. செப்புக் காசை விரலில் பிடித்து வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்க்கும்போது ஒரு கோணத்தில் எழுத்து எழுந்து வரும். ராஜராஜன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் அரசன் பெயர். நல்ல நிலையில் இருந்தால் போட்டோவே போதும். ஆனால் நம் ஊரில் கிடைக்கும் காசுகளில் முக்கால்வாசி தேய்ந்தவை. சங்க காலச் சதுரக் காசுகள் இன்னும் மோசம். போட்டோவில் அழுக்குத் தகடு மாதிரி இருக்கும், லென்ஸுக்கு அடியில் சாய்த்தால் மீனோ யானையோ தெரியும். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 2021 மார்ச்சில் அவர் மறைந்தபோது, தேய்ந்த செம்பில் அந்த ஐந்து எழுத்தைப் பார்க்க எத்தனை பொறுமை வேண்டும் என்றுதான் நாங்கள் போனில் பேசிக்கொண்டோம்.

பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வீடியோ காலில் காசு பார்ப்பார். "தம்பி, கொஞ்சம் இடது பக்கம் சாய்ங்க... இன்னும்... ஐயோ, லைட் அடிக்குது" என்று அரை மணி நேரம் போகும். ஒருநாள் வெள்ளி ரூபாயைச் சுண்டிக் காட்டச் சொன்னார். வெள்ளியை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டினால் நீளமாக ஒரு நாதம் வரும். ஈயம் கலந்த போலி 'டொக்' என்று நின்றுவிடும். நான் தட்டத் தட்ட அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்னணி இரைச்சல் என்று நினைத்து போன் அந்தச் சத்தத்தை வெட்டிவிடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. எடையைத் தராசில் காட்டினேன், காந்தம் வைத்துக் காட்டினேன். "சரி சார், வாங்கிப் பாருங்க, பிடிக்கலேன்னா திருப்பி அனுப்புங்க" என்றேன். வாங்கினார். ஆனால் அவருக்கும் எனக்கும் பல வருடப் பழக்கம். முகம் தெரியாதவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது.

முகம் தெரியாதவர்கள் ஏமாந்தார்கள். 1818 என்று வருடம் போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பதித்து, கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதாகச் சொல்லப்படும் காசுகள் உண்டு. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. கண்காட்சியில் அதை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் பக்கத்து டேபிள்காரர் சிரித்துக்கொண்டே "சார், அது டோக்கன், காசு இல்ல" என்று சொல்லிவிடுவார். ஒரு காசைப் பத்துக் கண்கள் பார்க்கும் இடம் அது. பொய் அங்கே அதிக நேரம் நிற்காது. தனியாகப் போன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பக்கத்து டேபிள் இல்லை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கும், வைஷ்ணவ தேவி காசுக்கும் லட்சக்கணக்கில் விலை என்று பரவிய வதந்தி ஊரடங்கில் உச்சத்துக்குப் போனது. "சார், என்கிட்ட ஆறு நோட்டு இருக்கு" என்று தொடங்கும் அழைப்புகள் தினமும் வரும். உண்மை விலையைச் சொன்னால் நான்தான் ஏமாற்றுகிறேன் என்று போனை வைத்துவிடுவார்கள். கடைசியில் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று தன் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள், நம்பாதீர்கள் என்று.

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 கோடையைப் பற்றி நிறைய எழுத எனக்குத் தெம்பில்லை. எங்கள் வட்டத்தில் வயதானவர்கள் அதிகம். அவர்கள் வாட்ஸ்அப் ஏலத்துக்கு வரவில்லை, கண்காட்சி எப்போது என்று மட்டும் கேட்பார்கள். அந்த மே, ஜூனில் சிலர் போய்விட்டார்கள். சில மாதம் கழித்து அவர்களில் ஒருவருடைய மகன் வீட்டுக்கு வரச்சொன்னார். பீரோவின் கீழ்த்தட்டில் ஸ்வீட் பாக்ஸ்கள், உள்ளே சிறு சிறு காகித உறைகள், மேலே பென்சிலில் அப்பா எழுதிய குறிப்புகள். 'கரூர், ஆறு' என்று பல உறைகளில் இருந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைப்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எந்தப் படுகை, எந்த வருடம், கூடவே என்ன கிடைத்தது என்பதெல்லாம் அவர் டீ குடித்துக்கொண்டே சொல்லும் கதைகளில்தான் இருந்தன. "அடுத்த கண்காட்சியில உட்கார்ந்து எழுதிடலாம்பா" என்பார். மகன் நல்ல மனிதர், "அங்கிள், நீங்க சொல்ற விலை சரி" என்றார். காசுகள் இப்போது வெவ்வேறு ஆல்பங்களில் இருக்கின்றன. உறைகளைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு காசோடும் சேர்த்தே கொடுத்தேன். வாங்கியவர்களில் எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கண்காட்சிகள் ஒரேயடியாகத் திரும்பவில்லை. எங்கள் வியாபாரத்தில் பாதி ஞாயிற்றுக்கிழமை நடப்பது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு போட்டதும் அதே ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான். ஏற்பாட்டாளர்கள் தலையில் கை வைத்தார்கள். அப்புறம் மண்டபம் கிடைத்தபோது புதுத் தொல்லைகள். முகக்கவசம் போட்டுக்கொண்டு லென்ஸைக் கண்ணில் வைத்தால் மூச்சு மேலே ஏறி லென்ஸ் மங்கிவிடும். வாசலில் சானிடைசர் தடவிய ஈரக் கையோடு வந்து புத்தம்புது நோட்டைத் தொடுவார்கள். மடிப்பில்லாத நோட்டில் ஒரு ஈர விரல் பட்டால் விலையில் பாதி போச்சு. "காய்ந்த கையோடு தொடவும்" என்று அட்டையில் எழுதி வைத்தேன். ஒரு வேடிக்கையும் உண்டு. செம்பின் மேல் நாலு மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் தென்படவில்லை, பிளாஸ்டிக் மேல் மூன்று நாள் வரை இருக்கும் என்று 2020 மார்ச்சிலேயே ஓர் ஆய்வு வந்திருந்தது. "ராஜராஜனால ஆபத்து இல்ல, அவரைப் போட்டு வச்சிருக்கிற கவராலதான் ஆபத்து" என்று பக்கத்து டேபிள் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கூட்டம் வருகிறது. ஆனால் கண்காட்சி பழைய கண்காட்சி இல்லை. உயர்ந்த சரக்கு நேராக ஏலக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. டேபிளில் வைத்து ஏன் பேரம் பேச வேண்டும் என்று வியாபாரிகளே நினைக்கிறார்கள். வாங்க வருகிற இளைஞர்கள் காசைக் கையில் எடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு விலை கேட்கிறார்கள். எனக்கு அது எரிச்சல்தான். ஆனாலும் ஊரடங்கில் ஏமாந்து கற்றுக்கொண்டவர்கள் அவர்கள், குறை சொல்ல முடியவில்லை. சிலர் பழைய விற்பனை விலைகளைத் தேதியோடு ஒப்பிக்கிறார்கள். அது என் வயதுக்காரர்களுக்கு வராது. காசைச் சாய்த்துப் பார்க்கத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பத்து ரூபாய்த் தொட்டியை நான் மறுபடி வைத்துவிட்டேன். அதில் லாபம் கிடையாது, டேபிளுக்கு முன்னால் வழியை அடைக்கும், பெரிய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். டேபிள் வாடகையும் ஏறிவிட்டது. தொட்டி வைக்கிறவர்களுக்கு வாடகையில் கொஞ்சம் குறையுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "பார்க்கலாம் சார்" என்கிறார்கள். இதுவரை யாரும் குறைக்கவில்லை.