கே.பி.எஸ். குரல் எத்தனை கட்டை?

கே.பி. சுந்தராம்பாள் பாட்டு எதை இணையத்தில் கேட்டாலும், கீழே யாராவது ஒருவர் "ஆறு கட்டை" என்பார். அடுத்தவர் "ஏழு" என்று ஏற்றிவிடுவார். ஏலம் மாதிரி. கட்டை என்பது குரல் எட்டும் உயரம் அல்ல, பாடுகிறவர் சட்ஜமத்தை, அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ'வை, எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதற்கான அடையாளம். அவ்வளவுதான். ஆனால் இந்த அம்மாளின் மேடை வாழ்க்கை, சினிமா வாழ்க்கை இரண்டையும் விளங்கிக்கொள்ள அந்தக் கணக்கு நன்றாகவே உதவும்.

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 'ஸி'யிலிருந்து எண்ணுங்கள். ஸி ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டையும் கிடையாது. ஆண்கள் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டுக்குள் பாடுவார்கள், பெண்கள் நாலரையிலிருந்து ஆறுக்குள். ஒரு கட்டைக்காரரின் பஞ்சமம்தான் ('ப') ஐந்து கட்டைக்காரரின் சட்ஜமம். ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் மாறிமாறிப் பாடும்போது வருகிற தகராறுக்கெல்லாம் மூலம் இந்த இடைவெளிதான்.

ஸ்பெஷல் நாடகத்தில் அது பெரிய தகராறு. கம்பெனி நாடகத்தைப் போல மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த குழு அங்கே இல்லை. காண்ட்ராக்டர் ராஜபார்ட்டை (கதாநாயக வேடக்காரரை) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை (கதாநாயகி வேடக்காரரை) இன்னோர் ஊரிலிருந்தும் தருவிப்பார். பபூன் மூன்றாவது ஊர்க்காரராக இருப்பார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், மேடையேறிய பிறகுதான் சந்திப்பே. வள்ளி திருமணம் என்றால் இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கி விடியும்வரை போகும். அதன் உயிர்நாடி தர்க்கம். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடி முடித்ததும் நாரதரோடு ஒரு தர்க்கம், பிறகு வேடனாக வரும் முருகனோடு ஒரு தர்க்கம். ஒருவர் தாளமில்லாமல் விருத்தம் இழுத்து, பாட்டுக்குள் கேள்வியை வைத்து நிறுத்துவார். மற்றவர் அந்த ராகத்தை விடாமல் பதில் சொல்ல வேண்டும். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியைப் பின்பாட்டால் நிரப்புவார்.

இங்கே சுருதி ஒத்துவராவிட்டால் என்ன ஆகும்? ஆணுக்காகக் கட்டையை இறக்கினால் பெண்ணின் கீழ் ஸ்வரங்கள் காற்றாகிவிடும், கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. பெண்ணுக்காக ஏற்றினால் ஆணுக்கு மேல் சட்ஜமத்தைத் தாண்டும்போதே குரல் உடையும், மேல் பஞ்சமத்தை நினைத்தே பார்க்க முடியாது. ஆளுக்கொரு சுருதி என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பதிலுக்கும் ஆர்மோனியம் மாற வேண்டும், தர்க்கத்தின் சூடு ஆறிப்போகும். மைக் இல்லாத காலம் வேறு. ஆயிரம் பேர் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போவது உச்சக் குரல்தான், ஏனென்றால் மனிதக் காது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் மிகக் கூர்மை. அந்தக் கால ராஜபார்ட்டுகள் நரம்பு புடைக்கப் பாடியது பகட்டுக்காக அல்ல, பிழைப்புக்காக.

1908-இல் கொடுமுடியில் பிறந்து, சிறு வயதிலேயே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்த சுந்தராம்பாள் இப்படிப்பட்ட மேடையில் வளர்ந்தவர். 1920-களின் நடுவில் கொழும்பில் அவருக்கு ஜோடியாக வந்தார் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. ஆணாக இருந்தும் ஐந்தரைக் கட்டைக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய அண்ணன் காசி ஐயர்தான் ஆர்மோனியம். இந்த ஜோடி எடுபட்டதற்குக் காதல் கதை மட்டும் காரணம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே கட்டையில், எந்தப் பக்கமும் இறங்கிவராமல், கேள்வியும் பதிலும் சம உயரத்தில் மோதிக்கொள்ளும் தர்க்கத்தை ஜனங்கள் அதற்கு முன்பு அதிகம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. 1927-இல் கல்யாணம். பிறகு மனக்கசப்பு, பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் போய்விட்டார். 25 வயது சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

ஒரு கதாநாயகிக்கு இது தொழிலையே மூடிவிடும் முடிவு. அவருக்கு மூடவில்லை. படங்களை வரிசையாகப் பாருங்கள். 1935-இல் பக்த நந்தனாரில் ஆண் வேடம். 1940-இல் மணிமேகலை, புத்தத் துறவி. 1953-இல் ஔவையார். 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1965-இல் திருவிளையாடலில் மறுபடி ஔவை. 1973-இல் காரைக்கால் அம்மையார். ஜோடி தேவைப்படாத வேடங்களாகவே தமிழ் இலக்கியத்திலிருந்தும் பக்தி மரபிலிருந்தும் பொறுக்கியெடுத்த மாதிரி இருக்கிறது. வேறு மொழியில் பிறந்திருந்தால் இத்தனை துறவிப் பெண்கள் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நந்தனாருக்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாயைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். படம் ஏன் எடுபடவில்லை என்பது அதைவிட ருசியான விஷயம். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், நாற்பதுக்கு மேல் பாட்டுகள். ஆனாலும் கல்கி விமர்சனத்தில் கிழித்துவிட்டார். மேடையில் பெண் ராஜபார்ட் கட்டுவது சகஜம். ஐம்பது அடி தூரம், விளக்கின் மங்கல் வெளிச்சம், மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். கேமரா அந்தத் தூரத்தை அழித்துவிடுகிறது. முகம் கிட்டத்தில் வந்தவுடன் நந்தனார் மறைந்து சுந்தராம்பாள் தெரிகிறார். ஒலியிலும் சிக்கல் உண்டு. தமிழில் பின்னணிப் பாட்டு 1938-இல்தான் வந்தது. அதுவரை நடித்துக்கொண்டே பாட வேண்டும், பக்கவாத்தியம் கேமராவில் படாமல் ஒளிந்திருக்க வேண்டும். கடைசி வரிசைக்காகப் பழகிய தொண்டை, சில அடி தூரத்தில் இருக்கும் மைக்கின் முன் முழு வீச்சில் திறந்தால் ஒலி பிளிறும். மைக்குக்காக அடக்கினால் அந்தக் குரலில் பாதி காணாமல் போகும்.

ஔவையார் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு வாயசைக்கும் முறை வந்துவிட்டது. தாளத்தோடு வரும் கீர்த்தனை என்றால் எண்ணி எண்ணி வாயசைத்துவிடலாம். விருத்தத்தில் தாளம் கிடையாது. எங்கே மூச்செடுத்தோம், 'அப்பா'வை எத்தனை நேரம் இழுத்தோம் என்று பாடியவருக்கே மறுநாள் நினைவிருக்காது. இதற்கு இயக்குநர்களிடம் உள்ள வழி பழையதுதான்: நீண்ட இழுப்பு வரும் இடத்தில் கேமராவைச் சாமிக்கோ கூட்டத்துக்கோ திருப்பிவிட்டு, சொல் தொடங்கும்போது முகத்துக்குத் திரும்புவது. அவர் சொல்லைத் தொடங்கும் விதம் இதற்கு மிகவும் ஒத்துவந்தது. வல்லின எழுத்து ஒவ்வொன்றும் கல்லில் அடித்த மாதிரி விழும். 'ழ'வும் 'ற'வும் ஒருபோதும் மழுங்காது. 'ஒன்றானவன் உருவில் இரண்டானவன்' பாட்டில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது ஒரு எண்ணைக்கூட அவர் விழுங்குவதில்லை. மைக் இல்லாத மேடை கொடுத்த பழக்கம் அது.

1969-இல் வந்த துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. இன்னொருவர் முகத்துக்காக அல்ல, தன் முகத்துக்கே பாடி வந்தவருக்குப் பின்னணி விருது! 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் காலமானார்.

இப்போது ஏலத்துக்கு வருவோம். கட்டையை நீங்களே சோதிக்கலாம், ஆனால் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டியது. மாற்றிப் பதிந்தவரின் இயந்திரம் 82, 83 என்று ஓடியிருந்தால் அரைக் கட்டை ஏறிவிடும். சினிமாப் பாட்டில் வேறு கோளாறு. படம் ஓடியது வினாடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேமில்), நம் ஊர் டிவி முறை 25 சட்டம். அப்படியே மாற்றினால் வேகம் நான்கு சதவீதம் கூடும், சுருதி அரைக் கட்டையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு உயரும். ஐந்துக்காரரை ஐந்தரை என்றும், ஐந்தரையை ஆறு என்றும் ஜனங்கள் எழுதுவதில் பாதி இதனால்தான்.

தம்புரா ஆப்பில் ஐந்து கட்டை வையுங்கள், ஒட்டாவிட்டால் ஐந்தரை. இரண்டிலும் ஒட்டாமல் நடுவில் எங்கேயோ நின்றால், அது பெரும்பாலும் அம்மாளின் சுருதி அல்ல, மாற்றிப் பதிந்தவரின் வேகம். அதே பாட்டை இன்னொரு பதிவில் தேடிப் பாருங்கள்.