சேப்பாக்கத்தில் அப்பாவுக்கு ஒரு வர்ணனை

2024 செப்டம்பர் 18, புதன்

நாளை காலை சேப்பாக்கம் போகிறோம். இந்தியா – வங்கதேசம், முதல் டெஸ்ட். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது, இதுவரை எந்த மைதானத்திலும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. அவருக்குக் கிரிக்கெட் வானொலி வழியாகத்தான் வந்தது. 1986 செப்டம்பர் 22 அன்று இதே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்ட் இரு அணிகளின் ஓட்டமும் சமமாகி 'டை' ஆனபோது, அவர் பள்ளிக்கூட வேலை முடிந்து வரும் வழியில் சிதம்பரத்தில் ஒரு டீக்கடை ரேடியோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தியா வெல்ல ஒரு ஓட்டம் தேவை, இரண்டு பந்துகள் மீதி, கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ முறையில் அவுட். டீ ஆறியதுகூடத் தெரியவில்லை என்பார்.

சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைத் தின்றுவிட்டது. வெளிச்சமும் பெரிய உருவங்களும் மட்டும் தெரிகின்றன. "எனக்கு எதற்கு டிக்கெட்?" என்று இரண்டு முறை கேட்டார். வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்கினோம். படிகளில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்து கடைசிப் படியில் தலையை நிமிர்த்தியதும் அந்தப் பச்சை! தொலைக்காட்சியில் இத்தனை வருடம் பார்த்தது இதைத்தானா என்று நம்ப முடியவில்லை. "பச்சையாகத் தெரிகிறது, அம்மாடி" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்கே டிக்கெட் பணம் தீர்ந்துவிட்டது.

வங்கதேசம் டாஸ் வென்று பந்துவீச வந்தது. செம்மண் ஆடுகளம். நான் மெதுவாக அப்பாவின் காதில் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் தடுமாறினேன். "கீப்பர் எங்கே நிற்கிறார், அதை முதலில் சொல்" என்றார். பார்த்தேன், ஸ்டம்புக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் நிற்கிறார்! பந்தின் வேகத்தை அந்த இடைவெளி காட்டிக்கொடுக்கிறது. தொலைக்காட்சித் திரை பந்தை மட்டும் துரத்துவதால் இதை நான் கவனித்ததே இல்லை.

இன்னொன்று. மட்டையில் பந்து படுவது கண்ணில் பட்டு, ஒரு நொடியின் சிறு துணுக்கு கழித்துத்தான் சத்தம் வருகிறது. எனக்கு அது வியப்பு, அப்பாவுக்கு அதுதான் ஆட்டம். நடுமட்டை, விளிம்பு, கால்காப்பு என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொன்னார். பத்தில் எட்டு சரியாக இருந்தது.

ஹசன் மஹ்மூத் ரோகித்தை எடுத்தார், கில்லை ஓட்டமில்லாமல் அனுப்பினார், கோலியை 6 ஓட்டத்தில் வீழ்த்தினார். 34 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். கோலி நடந்து வந்தபோது எழுந்த ஆரவாரம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அவர் ஆட்டமிழந்ததும் விழுந்த அமைதியில் பக்கத்து வரிசையில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. கார் விபத்துக்குப் பின் முதல் டெஸ்ட் ஆடும் பந்த் 39 எடுத்தார். ஜெய்ஸ்வால் 56. பிறகு 144க்கு 6.

அப்போதுதான் அஸ்வின் ஜடேஜாவோடு சேர்ந்தார். மேற்கு மாம்பலத்துப் பையன், சொந்த மைதானம். நின்று பிழைக்க வந்தவர் மாதிரி ஆடவில்லை. கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் ஆட்டக்காரர்களுக்கு மேலே வெட்டி அனுப்பினார், முட்டி போட்டுத் தூக்கி அடித்தார். ஓவர்களுக்கு நடுவே இருவரும் பாதி வழியில் சந்தித்துப் பேசிப் பிரிவதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மாலையில் வெயில் இறங்கிக் கடற்காற்று வந்தது. 108 பந்துகளில் சதம். 2021இல் இங்கிலாந்துக்கு எதிராக இதே மைதானத்தில் 106 அடித்தாரே, அதற்குப் பின் இங்கே அவர் ஆடும் முதல் டெஸ்ட் இது. மைதானமே எழுந்து நின்றது. அப்பா என் கையைப் பிடித்து எழுந்தார். ஸ்டேடியத்தின் வெள்ளைக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வர்ணனையை நிறுத்திவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

339க்கு 6.

செப்டம்பர் 20, வெள்ளி

அலுவலகம். தொண்டை கட்டிவிட்டது, பேச்சு வரவில்லை. ஜடேஜா 86இலேயே போய்விட்டார், அஸ்வின் 113. பும்ராவுக்கு நான்கு விக்கெட். வீட்டுக்கு வந்தால் அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "இதில் மைதானத்துச் சத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நேற்று இரண்டாம் இன்னிங்ஸில் கில் 119, பந்த் 109. இலக்கு 515. வங்கதேசம் 158க்கு 4 என்று இன்று தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் ஷான்டோவும் ஷகிப்பும் அசையவில்லை. இம்முறை எனக்குப் பழகிவிட்டது. மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் குனிந்து நிற்பவர், அஸ்வின் ஓடிவரும் கோணம், விரலில் பந்தைச் சுழற்றிக்கொண்டே திரும்பி நடப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்" என்றார்.

ஷகிப் அஸ்வின் பந்தில் ஷார்ட் லெக்கில் பிடிபட்டதும் கதவு திறந்துகொண்டது. அஸ்வினுக்கு 88 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட். டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுப்பது இது 37ஆவது முறை, ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னுக்குச் சமம். 82 எடுத்துத் தனியாகப் போராடிய ஷான்டோ வெளியேறியபோது நாங்களும் கைதட்டினோம்.

கடைசி விக்கெட்டுக்குப் பந்துவீச ஜடேஜா வந்தார். எதிரே ஹசன் மஹ்மூத். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "ஸ்டம்ப்" என்றார்.

ஆமாம், பவுல்டு. 234க்கு எல்லாரும் அவுட். 280 ஓட்ட வெற்றி. மதிய உணவு இடைவேளைகூட வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அப்பா எழவில்லை. ஆடுகளத்தில் யார் யார் நிற்கிறார்கள், யார் யாருக்குக் கை கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசி ஆள் படியேறி உள்ளே போகும் வரை சொன்னேன்.