பம்பரில் கீறல், அடியில் துரு

போன மாதம் மதுரையில் ஒரு ஷோரூமில், சோதித்துப் பார்த்ததற்கான சான்றிதழோடு ஒரு பழைய கார் எடுத்தோம். பாம்பன் பக்கத்தில் எங்க ஊர் மண்டபத்துக்கு ஓட்டி வந்து மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், பின் பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், இடது கதவு மட்டும் ஒரு சாயல் வெளுப்பு. ஷோரூம் விளக்கில் எதுவுமே கண்ணில் படவில்லை. மனசே ஆறவில்லை எனக்கு. சான்றிதழ் என்றால் புதுசு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், அந்தத் தாளை நிதானமாகப் படித்தால் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், அப்புறம் வாரண்டி, அவ்வளவுதான். கீறலெல்லாம் வயசுக்கேற்ற தேய்மானம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள்.

சரி, கீறல் கிடக்கட்டும். பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது. ஆனால் இது பாம்பன் உப்புக்காற்று; 1914-ல் திறந்த ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று. நம்ம பக்கம் தகரத்தில் பெயிண்ட் கொப்புளித்திருந்தால் விடவே கூடாது. மச்சான் டார்ச் அடித்துக் காட்டினான், பின்சக்கரத்துக்கு மேல் வளைவின் உள்விளிம்பில் உளுந்து அளவு கொப்புளங்கள், நகத்தால் சுரண்டியதும் பழுப்புப் பொருக்காக உதிர்ந்தது. கீறலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இதை மட்டும் போட்டோ எடுத்து ஷோரூமுக்கு அனுப்பிச் சண்டை போட்டேன். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அடிப்பாகம் முழுக்கக் கோட்டிங் போட்டுத் தர ஒப்புக்கொண்டார்கள். வியாழக்கிழமை வண்டியை விடுகிறேன்.