டெவனில் எங்கள் ஊர்க் காணி: ஹவுசிங் அசோசியேசனோடு இழுபட்ட கதை

போன மாதம், எங்கள் அறக்கட்டளைக் காணியில் கட்டிய வீடுகளின் திறப்புகளை வாடகைக்கு வருகிறவர்களிடம் கொடுத்தாயிற்று. பெரிய நிம்மதி. ஆனால் அந்த வீடுகளில் யார் குடியிருப்பது என்ற விடயத்தில் ஹவுசிங் அசோசியேசன் (குறைந்த வாடகைக்கு வீடு கட்டி விடுகிற, இலாப நோக்கமில்லாத நிறுவனம்) எங்களை அலைக்கழித்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் இருக்கிற எங்கள் ஆட்கள் யாராவது சமூகக் காணி அறக்கட்டளையில் (ஊராரே சேர்ந்து ஊர் நன்மைக்காகக் காணி வைத்திருக்கும் சங்கம்) சேர யோசித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிற டெவன் பகுதியில், சின்ன ஊரொன்றில் கடையும் தபாலகமும் நடத்துகிறேன். கடைக்கு வருகிறவர்கள்தான் என்னை அறக்கட்டளை நிர்வாகத்துக்குள் இழுத்தார்கள். ஊர்க் கணக்கெடுப்பு, சங்கப் பதிவு, ஒரு பவுண் காசுக்கு உறுப்பினர் பங்கு, திட்ட அனுமதி எல்லாம் மெதுவாக என்றாலும் நடந்தன. காணி தந்த விவசாயிக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் தெம்பு கொடுத்தது: ஊருக்கு நன்மை என்று உறுப்பினர்கள் கருதினாலொழிய அறக்கட்டளை தன் காணியை விற்க முடியாது. 1969இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய காணி அறக்கட்டளைக்கு வினோபா பாவேயின் கிராமதானமும் (ஊர்க் காணியை ஊருக்கே பொதுவாக்கும் இந்திய இயக்கம்) ஒரு தூண்டுதல் என்று நான் சொன்னபோது மனிதர் வியந்துபோனார்.

காணி எங்களுடையது. அதை அசோசியேசனுக்கு 125 வருடக் குத்தகைக்குக் கொடுத்தோம். கடன் எடுப்பது, அரச மானியம் வாங்குவது, கட்டுவது, வாடகை சேர்ப்பது, திருத்த வேலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்களுக்கு ஆண்டுதோறும் நிலவாடகை. மானியத்தில் கட்டும் வீட்டை அரசிடம் பதிவுபெற்ற வீட்டு நிறுவனமே வாடகைக்கு விடவேண்டும்; எங்களைப் போன்ற சின்னச் சங்கம் அந்தப் பதிவையும் கடனையும் தாங்காது.

வீடு கொடுக்கும் வரிசையில் முதலில் எங்கள் ஊரார், பிறகு பக்கத்து ஊரார், கடைசியாக மாவட்டத்தார் என்று அசோசியேசன் அலுவலர் வாயால் ஒத்துக்கொண்டிருந்தார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர் அனுப்பிய ஒப்பந்த வரைவில் மாவட்டம் மட்டும்தான் இருந்தது. கேட்டால், எல்லா இடத்துக்கும் இதே படிவம், மாற்ற முடியாது என்றார். வீட்டுக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் இந்த ஒப்பந்தம் கவுன்சிலுக்கும் அசோசியேசனுக்கும் இடையிலானது. அறக்கட்டளை அதில் கையெழுத்து வைப்பதில்லை. கடையைப் பூட்டிவிட்டு, நேரம் எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போனால், நீங்கள் ஒப்பந்தத்தில் இல்லை, காட்ட முடியாது என்று வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பினார்கள். எங்கள் காணியில் கட்டும் வீட்டைப் பற்றிய பத்திரம் அது!

வழி எங்கள் கோப்பிலேயே கிடந்தது. திட்ட அனுமதியோடு கையெழுத்தான பிரிவு 106 உடன்படிக்கையில் (திட்டமிடல் சட்டப்படி கவுன்சிலோடு செய்துகொள்ளும் பத்திரம்), ஊர்த் தொடர்பு உள்ளவர்களுக்கே முதலிடம் என்று வரிசையாக எழுதியிருந்தது. அது காணியோடு ஒட்டியது. பிறகு காணி யார் கைக்குப் போனாலும் கட்டுப்படுத்தும். அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து எங்கள் லோயர் இரண்டு தரப்புக்கும் அனுப்பினார். அடுத்த வரைவில் மாற்றம் வந்தது. அத்தோடு விடாமல், அதே வரிசையைக் குத்தகை உறுதியிலும் அட்டவணையாகச் சேர்க்கவைத்தோம். நீங்களும் வாய்ப்பேச்சை நம்பவேண்டாம், பேசிய அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இன்னொன்று வங்கி. அசோசியேசன் கடனைக் கட்டத் தவறினால், கடன் கொடுத்த வங்கி வீடுகளை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விற்கலாம் என்று ஒரு ஷரத்து வரும். அதை அடியோடு எடுக்கச் சொன்னால் கடன் கிடைக்காது. விற்கமுன் எங்களிடமோ கவுன்சிலிடமோ கேட்க மூன்று மாத அவகாசம் வாங்கினோம்.

வாடகைதான் மிகப் பெரிய பொறி. ‘கட்டுப்படியான வாடகை’ என்றால் சந்தை வாடகையின் 80 வீதம் வரை வாங்கலாம். விடுமுறை வீடுகளால் விலை ஏறிப்போன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைக்கு அது கட்டாது. அதைவிடக் குறைந்த சமூக வாடகை வேண்டுமென்றால் மானிய விண்ணப்பம் போகமுன்பே கேட்கவேண்டும், பிறகு அசையமாட்டார்கள். நாங்கள் விண்ணப்பம் போகமுன் பிடித்துக்கொண்டதால் பாதி வீடுகளுக்காவது சமூக வாடகை கிடைத்தது. மீதிப் பாதிக்காக இப்போதும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.