சிங்கப்பூர் வட்டும் தஞ்சாவூர் பிளேயரும்

சென்ற ஐப்பசி அடைமழையின்போது எங்கள் வீட்டு டிவிடி பிளேயர், எந்தப் படத்தை உள்ளே போட்டாலும் சற்று நேரம் சுழன்றுவிட்டு, வட்டே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டத் தொடங்கியது. மன்னார்குடியில் பழுது பார்ப்பவர் லென்ஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு இனிச் சாமான் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார். எனவே டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் புளூரே வட்டுகளுக்கான பிளேயரே வாங்கிவிடுவதென்று தஞ்சாவூருக்குப் போனேன். ஓடிடி காலத்தில் இதைக் கேட்டு வருபவர் உண்டா என்று வியந்தபடியே, கடைக்காரர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்.

அன்றிரவு, தொலைக்காட்சியின் பின்புறம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரையே புதிய பிளேயரிலும் செருகிவிட்டேன். படம் பழையபடியே மங்கலாகத் தெரிந்தது, "இதுக்கா தஞ்சாவூர் வரைக்கும் போனீங்க?" என்று மனைவி கேட்டதில் தவறில்லை. அந்த மஞ்சள் முனை வழியாக டிவிடி தரத்துக்கு மேற்பட்ட படம் வரவே வராது என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாட்டிய பிறகு, அதுவரை பச்சைப் பூச்சாகத் தெரிந்த வயல்காட்சியில் நெற்கதிர்கள் தனித்தனியே அசைவதைக் கண்டேன். டிவிடியில் 720 புள்ளி அகலமும் 576 வரிகளுமே அதிகபட்சம். புளூரேயில் 1920 புள்ளிகளும் 1080 வரிகளும் உண்டு. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், புளூரேயைப் படிப்பதோ 405 நானோமீட்டர் நீலஊதா லேசர்; அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளியும் சிறுக்கும் என்பதால், தடங்களை மிக நெருக்கமாகப் பதிக்க முடிகிறது. டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபியே அடங்க, அதே அகலமுள்ள புளூரே வட்டின் ஓர் அடுக்கில் 25 ஜிபி அடங்குவது அதனால்தான். ஒலியிலும் வேறுபாடு தெரிகிறது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு படும் ஓசையையும் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் ஓசையையும், நாகஸ்வரம் உச்சத்தில் ஒலிக்கும்போதுகூடப் பிரித்துக் கேட்க முடிந்தது.

மகிழ்ச்சி பொங்கலோடு சரி. விடுமுறைக்கு வந்த மைத்துனர் சிங்கப்பூரில் வாங்கிய நான்கு புளூரே வட்டுகளை ஆசையாகக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் மூன்று, மண்டலம் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டன. புளூரே வட்டுகளை விற்க உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய வட்டு மற்றொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. அதில் சிங்கப்பூர் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். வீட்டுக்கொருவர் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பக்கத்தில், காசு கொடுத்து வாங்கிய வட்டுக்கும் இப்படி வேலி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. புளூரேயைவிடவும் தெளிவான 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளில் இந்த மண்டலப் பிரிவே கிடையாது என்று பின்னர் அறிந்தேன். ஆனால் அவற்றுக்கு வேறு பிளேயர் வேண்டும், ஒரே ஆண்டில் இரண்டு வாங்க வீட்டில் இசைவு கிடைக்காது.

தங்கையின் திருமண விசிடியையும் புதிய பிளேயர் ஏற்கவில்லை. பரணுக்குப் போகவிருந்த பழையதில் அதைப் போட்டுப் பார்த்தேன், தடங்கலின்றி ஓடியது. விசிடியைப் படிக்க அதில் 780 நானோமீட்டரில் வேறொரு லேசர் இருந்ததும், கெட்டது டிவிடிக்கான லேசர் மட்டுமே என்பதும் அப்போதுதான் புரிந்தது. இப்போது இரண்டு பிளேயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன; மஞ்சள் வயர் மீண்டும் பழையதற்கே போய்விட்டது.