அப்பாரு சைக்கிளுக்கு மூணு சட்டை

கோபியில எங்க அப்பாரு (தாத்தாவைத்தான் அப்பிடிச் சொல்லுவோம்) பால் கேன் கட்டி சொசைட்டிக்கு மிதிச்ச ஹெர்குலிஸ் இது. பத்து வருசமா மாட்டுக்கொட்டாயில சாஞ்சு கெடந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை மொத்தமா கழட்டிட்டேனுங்க.

பெயிண்ட் ரிமூவர் தடவி கால் மணி நேரம் விட்டதும் அப்பளமாட்டப் பொரிஞ்சு வந்துச்சு. பட்டித் தகட்டுல வழிச்சா மேல பச்சை, அடியில நீலம், அதுக்கும் அடியில கம்பெனி கறுப்பு. நீலம் அப்பா காலேஜ் போகையில அடிச்சதாம். அதைச் சுரண்டத்தான் கையே வரல.

மீதிக்கு உப்புத்தாள். 80-ல ஆரம்பிச்சு 120, கடைசியா 400 வாட்டர் பேப்பர். ஒண்ணு சொல்லோணும்: பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்ட்டுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) ஈய வரம்பு நம்ம நாட்டுல 2017-லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதனால தண்ணி தொட்டே தேய்ங்க, மாஸ்க் கட்டாயம், குழந்தைகளைப் பக்கத்துல விடாதீங்க.

ஈரமாத் தேய்ச்ச இரும்பை நான் ராத்திரி அப்படியே விட்டுட்டேன். விடிஞ்சா செம்மண் பூசுனாப்புல துரு. மறுபடி தேய்ச்சு, தின்னர்ல தொடச்சு, காஞ்ச கையோட துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சேன். பெடல் அச்சு மரையில பெயிண்ட் எறங்காம துணி அடைச்சுக்கோணும், மறந்துடாதீங்க.

மேல் பார்ல ஒரு சொட்டை. ஆத்தா தடவிப் பார்த்துட்டு, "சர்க்கரை மூட்டையோட வாய்க்கா மேட்டுல உளுந்தாரு கண்ணு"ன்னுச்சு. அதுக்கு மட்டும் பட்டி வெக்கல.

நாளைக்கு கறுப்பு, ரெண்டு கோட்டு.