உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: விஎச்எஸ் டேப்புகளைக் கணினிக்கு மாற்றியபோது

வீட்டிலிருந்த விஎச்எஸ் டேப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் படம் பெரிதாகத் தொல்லை தரவில்லை. சத்தம்தான் படுத்தி எடுத்தது. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அரை மணி நேரம் ஓடியதும் பேசுகிறவர் வாயை மூடியிருப்பார், குரல் அப்போதுதான் வந்து சேரும். அந்த டேப்புகளில் பேசுகிறவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்கள் குரல் அவர்கள் உதட்டோடு பொருந்தாமல் கிடப்பதை அப்படியே விட மனம் வரவில்லை.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் யோசனை, "எடிட்டிங்கில் ஆடியோவைக் கொஞ்சம் நகர்த்துங்கள்" என்பது. ஒரே ஒரு வகைக் கோளாறுக்குத்தான் அது மருந்து. கோளாறு மூன்று வகை. எது என்று அளந்து தெரிந்துகொள்ளும்வரை ஃபைலில் கை வைக்காதீர்கள் என்பேன்.

அளப்பது எளிது. கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேரத் தெரியும் ஒரு நொடியைத் தேடுங்கள்: கைதட்டல், மேஜையில் டம்ளரை வைப்பது, பந்து தரையில் மோதுவது. டேப்பின் தொடக்கத்தில், நடுவில், முடிவில் என இப்படிப்பட்ட இடங்களைப் பிடித்து, எடிட்டரில் ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்திப் படத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். என் டேப்புகள் பால் (PAL) என்ற வீடியோ முறை. நொடிக்கு 25 ஃபிரேம், ஆகவே ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு முறை என்றால் நொடிக்கு 29.97, ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிசெகண்ட். எவ்வளவு துல்லியம் போதும்? ஒளிபரப்புக்காக 1998இல் வந்த ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை, சத்தம் சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குவார் என்கிறது. பிந்துவதை நாம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறோம், ஏனெனில் இயற்கையிலும் ஒளி முந்தி வருகிறது, ஒலி பிந்தி வருகிறது. முந்துகிற சத்தம் உடனே உறுத்தும். ஒரு ஃபிரேமுக்கு மேல் முந்தக் கூடாது என்பதை நான் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆடியோவை அந்த அளவுக்கு நகர்த்தினால் வேலை முடிந்தது. பலர் இதற்கு டேப்பையோ அதை ஓட்டும் விசிஆரையோ குறை சொல்கிறார்கள். சாதாரண விஎச்எஸ் ஒலி, டேப்பின் விளிம்பில், தனியாக நிற்கும் ஒரு ஹெட்டால் பதிவாகிறது. பால் முறையில் டேப் நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகர்கிறது. அப்படியானால் கால் நொடி இடைவெளி வர அந்த ஹெட் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் இடம் மாறியிருக்க வேண்டும். அவ்வளவு மாறினால் படமே ஒழுங்காக வராது. டேப்பின் சிக்னலைக் கணினி ஃபைலாக்கும் கேப்சர் சாதனமும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும்தான் பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது வகையில் இடைவெளி சீராக வளர்ந்துகொண்டே போகும். ஒரு டேப்பில் 2ஆம் நிமிடத்தில் ஒன்றுமில்லை, 32இல் 0.36 நொடி, 62இல் 0.72 நொடி. இப்படி நேர்கோட்டில் ஏறினால் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். படம் கேப்சர் கார்டு வழியாகவும் ஒலி கணினியின் சவுண்ட் கார்டு வழியாகவும் போனால் இது நடக்கும். 48,000 ஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொள்ளும் சவுண்ட் கார்டு உண்மையில் 48,010 அளவில் ஓடுகிறது, அவ்வளவுதான். 3,600 நொடிக்கு 0.72 நொடி என்றால் 0.02 சதவீதம். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் ஆடியோவின் வேகத்தை அந்த 0.02 சதவீதம் கூட்டினேன், பொருந்திவிட்டது. சுருதி மாறுமே என்று கவலைப்பட வேண்டாம், இந்த அளவை எந்தக் காதும் பிடிக்காது. படம், ஒலி இரண்டையும் ஒரே யூஎஸ்பி சாதனத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

என்னை உண்மையில் அலைக்கழித்தது மூன்றாவது வகை. இருபது நிமிடம் சரியாக ஓடும், திடீரென்று அரை நொடி தாவும், பிறகு அதே இடைவெளியில் நிலைத்து, இன்னோர் இடத்தில் மறுபடி தாவும். தாவிய இடங்களைத் திரும்பப் பார்த்தால் எல்லாமே கேமராவை நிறுத்தி மறுபடி ஆன் செய்த இடங்கள், அல்லது டேப் கசங்கிய இடங்கள். விஎச்எஸ் சிக்னலில் படத்தை வரையும் கோடுகள் ஒருபோதும் சரியான நேரத்துக்கு வருவதில்லை. டேப் நீண்டிருக்கும், படத்தைப் படிக்கும் டிரம்மின் வேகம் நடுங்கும். பழைய டியூப் டிவி அதைப் பொறுத்துக்கொண்டு காட்டிவிடும். கேப்சர் கார்டு பொறுக்காது, எங்கே தொடங்குகிறது என்று காட்டும் சிங்க் துடிப்பு கிடைக்காத ஃபிரேமை அப்படியே விட்டுவிடும். ஒலியோ இடைவிடாமல் பதிவாகிறது. 25 ஃபிரேம் தொலைந்தால் படம் ஒரு நொடி குறைகிறது, அங்கிருந்து சத்தம் ஒரு நொடி பிந்துகிறது. பால் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபிரேம் இருக்க வேண்டும். ஃபைலில் உள்ள எண்ணிக்கையை ஆடியோவின் நீளத்தோடு ஒப்பிட்டால் எத்தனை தொலைந்தன என்று தெரிந்துவிடும்.

இந்த வகையை எடிட்டிங்கில் சரிசெய்யப் பாடுபடாதீர்கள். தொலைந்த ஃபிரேம் ஃபைலில் இல்லை, டேப்பில் இருக்கிறது. மறுபடி கேப்சர் செய்வதுதான் வழி. விசிஆருக்கும் கேப்சர் சாதனத்துக்கும் நடுவே சிக்னலைச் சீராக்கும் ஒன்று வேண்டும். டைம் பேஸ் கரெக்டர் எனப்படும் டிபிசி அதற்கானது. ஃபிரேம் டிபிசி முழு ஃபிரேமையும் நினைவகத்தில் பிடித்து, உள்ளே வருவது தடுமாறினாலும் வெளியே சீராக அனுப்பும். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. அதனால் பலர் செய்வதுபோல் நானும் பழைய பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் வழியாகச் சிக்னலைக் கடத்தினேன், டிஸ்க்கில் எதையும் பதியாமல். ஆடியோ வயரையும் அதன் வழியாகவே கொண்டுபோனேன். தாவல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. விசிஆரில் நீலத்திரை வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வெற்று இடம் வரும்போதெல்லாம் அது நீலத்துக்கு மாறித் திரும்பி, புதிய தடுமாற்றத்தை உண்டாக்கும்.

நான் பதியப் பயன்படுத்திய விர்ச்சுவல்டப் மென்பொருளின் கேப்சர் அமைப்பில், ஃபிரேம் வராத இடத்தில் முந்தையதையே மறுபடி சேர்க்கும் தேர்வு உண்டு. அதை ஆன் செய்தேன். படம் ஒரு கணம் உறையும், ஆனால் நீளம் குறையாது. ஒலியை நீட்டிச் சுருக்கிப் படத்தோடு பொருத்தும் தேர்வை அணைத்தேன், டேப் தடுமாறும் இடங்களில் அது பேச்சின் சுருதியை அலையவிடுகிறது. ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாக் கோடெக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் முறையில்) பதிந்தால் மணிக்கு 30 ஜிபிக்கு மேல் ஆகும். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேரடியாகக் கணினியில் செருகுங்கள்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றும் உண்டு. சிலருக்கு டேப்பிலோ வயரிலோ எந்தக் குறையும் இருக்காது. கேப்சர் மென்பொருள் மாறும் ஃபிரேம் வேகத்தில் எம்பி4 எழுதியிருக்கும், எடிட்டர் அதை நிலையான வேகம் என்று எண்ணித் திறக்கும். பிளேயரில் சரியாக ஓடி, எடிட்டரில் மட்டும் விலகினால் முதலில் ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து இதைப் பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் நிலையான 25க்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

மிகவும் கசங்கிப்போன ஒரு டேப்பில் மட்டும் இவ்வளவு செய்தும் இரண்டு தாவல்கள் மிஞ்சின. காட்சி மாறும் இடங்களில் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் ஒலியையும் தனித்தனியே அளந்து நகர்த்தினேன். வெட்டாத மூல ஃபைலைத் தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். நல்ல ஃபிரேம் டிபிசி ஒன்று கைக்கு வந்தால் அந்த டேப்பை முதலிலிருந்து மறுபடி ஓட்டுவேன்.